முழங்கால் என்னுடையது

அன்பு மகள் நேஷாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், கோழிகள் சுகம், என் இடது முழங்காலும் சுகம். முழங்காலைத் தனியாக எழுதக் காரணம், நீ போன் செய்கிறபோதெல்லாம் என்னை விசாரிப்பதற்கு முன்னால் அதைத்தான் விசாரிக்கிறாய், அதற்கும் வாய் இருந்தால் உங்கள் இருவருக்கும் நடுவில் நான் எதற்கு. பிரிஸ்பேனில் வெயில் கொளுத்துகிறது என்று அப்பா தினமும் சொல்கிறார், காலையில் எழுந்ததும் நம் வாசலில் எவ்வளவு குளிர் என்று பார்க்காத மனிதர் உன் ஊர் வெயிலைப் போனில் பார்த்துவிட்டுத்தான் காபி போடுகிறார். தண்ணீர் நிறையக் குடி, தொப்பி இல்லாமல் வெளியே போகாதே, ஆபீஸில் ஏசிக்கு நேர் கீழே உட்காராதே. நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நலமில்லை என்றாலும் சொல்ல மாட்டாய், அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று என்னிடம் கேட்காதே. இந்த வருடம் நம் பள்ளத்தாக்கு முழுக்க நல்ல பனி. கோழிக் கூண்டின் கதவைத் திறக்க அப்பா தினமும் மண்வெட்டியோடு மல்லுக்கட்டுகிறார், மூன்று கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன, நான்காவது மட்டும் என்னை மாதிரி, யார் பேச்சையும் கேட்காமல் இட்டுக்கொண்டிருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ "அம்மா, வேணாம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய், பிறகு அழுவாய், நீ அழுதால் அப்பா அழுவார், அப்புறம் எதற்குப் பேச ஆரம்பித்தோம் என்பதே மறந்துபோகும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அட்டையில், என் பனிச்சறுக்குப் பலகைகளை யாருக்காவது கொடுத்துவிடும்படியும், அதுதான் நான் உனக்குத் தரக்கூடிய பரிசு என்றும் எழுதியிருந்தாய். கொடுக்கவில்லை நேஷா. கொடுக்கப் போவதும் இல்லை. இந்தக் குளிர்காலத்தில் அந்தப் பலகைகளை மறுபடி மாட்டிக்கொண்டு மலையில் இறங்கினேன். உன்னிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன், முழுவதும் வாசித்துவிட்டு அப்புறம் திட்டு. அப்பாவிடமும் பக்கத்து வீட்டு ரேஸ்காவிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன், இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும்வரை இருவரும் வாய் திறக்கக் கூடாது. ரேஸ்காவுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்கே தெரியும்.

சரிவில் நீ மேலிருந்து வந்து மோதி என் முட்டி ஜவ்வு கிழிந்த நாளிலிருந்து அந்த முழங்காலைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள், அதன் சொந்தக்காரி ஒருத்திதான் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "அறுபது ஆகப்போகுது, நடக்கிறதுக்கும் மாடிப்படி ஏறுறதுக்கும் இந்த ஜவ்வு இல்லாமலே சமாளிச்சிரலாம், எதுக்கு ஆபரேஷன்?" என்றார். அவருடைய ஜன்னலிலேயே மலை தெரிந்தது. நான் கையை நீட்டி "அதுக்கு" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், என்னைப் பார்த்தார், பிறகு தேதி கொடுத்தார். தொடைக்குப் பின்னாலிருந்து ஒரு தசைநாரை எடுத்து முட்டிக்குள் வைத்து முடுக்கியதெல்லாம் உனக்குத் தெரியும், நீதான் பக்கத்தில் இருந்தாய். உனக்குத் தெரியாதது நீ விமானம் ஏறிய பிறகு நடந்தது. பயிற்சி கொடுக்க பிளாஷ் என்று ஒருவன், உன் வயதுதான் இருக்கும், முதல் நாளே கேட்டான், "யெரிட்சாம்மா, உங்க வயசுக்காரங்க எல்லாம் தோட்டத்துல குனிஞ்சு நிமிர்ந்தா போதும்பாங்க, உங்களுக்கு என்ன வேணும்?" என்று. எனக்குச் செங்குத்துச் சரிவு வேண்டும் என்றேன். "அப்ப அழக் கூடாது" என்றான். "அழுவேன், நீ நிறுத்தாதே" என்றேன். ஒற்றைக் காலில் மெத்தை மேல் நிற்கவைத்தான், பெட்டியிலிருந்து குதிக்கவைத்தான், வலி தாங்காமல் நான் அவனுடைய பரம்பரையையே திட்டினேன், அவன் சிரித்துக்கொண்டே "எங்கம்மாவ மட்டும் விட்டுருங்க, மத்தவங்களத் திட்டுங்க" என்றான். அப்படியும் போன குளிர்காலம் முழுவதும் இறங்க விடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரே இறங்குவதைப் பார்த்தேன். மனுஷிக்கு அதைவிடக் கேவலம் வேண்டாம்.

இந்த ஜனவரியில் பிளாஷ் என் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றிக் குதிக்கவைத்துப் பார்த்துவிட்டு, "எந்தக் கால்ல ஆபரேஷன்னு சொல்லாம வந்திருந்தா நான் தப்பான காலைத்தான் காட்டியிருப்பேன், போங்க, சின்னச் சரிவுல ஆரம்பிங்க" என்று அனுப்பிவைத்தான். அப்பா பலகைகளுக்கு மெழுகு தேய்த்து, ஓரங்களைத் தீட்டித் துடைத்து, கல்யாணப் பெண்ணை அனுப்புகிற மாதிரி என் கையில் கொடுத்தார். நம் வீட்டில் அது எப்போதும் அவர் வேலை, அவர் கொடுத்ததை நான் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. முதல் மூன்று திருப்பங்கள் எப்படி இருந்தன என்று எழுத எனக்கு வார்த்தை போதாது. முகத்தில் காற்று பட்டதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நான்காவது திருப்பத்தில் ஒரு சின்ன மேடு, கோழிகூடத் தாண்டிவிடும், அதில் ஏறி இறங்கியதும் நான் பனியில் உருண்டுகொண்டிருந்தேன், இடது பலகை தனியாகக் கிடந்தது. மேலே ஏற்றிப்போகிற லிஃப்டுக்கு வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். வலி கிடையாது. பிளாஷ் அழுத்திப் பார்த்து, "ஜவ்வு கல்லு மாதிரி இருக்கு, நீங்க ஏன் விழுந்தீங்கன்னே புரியல" என்றான். மறுபடி போனேன், மறுபடி அதே மாதிரி விழுந்தேன். நேஷா, விழுந்தால் பலகை கழல வேண்டும், அது அதன் வேலை, அதனால் கழன்ற பலகையை யாரும் சந்தேகப்படுவதில்லை. விழுந்ததால் பலகை கழன்றதா, பலகை கழன்றதால் விழுந்தேனா என்று நானும் யோசிக்கவில்லை. என் கால் என் பேச்சைக் கேட்பதில்லை, கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அன்று மாலை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், அப்பாவுக்குக் கேட்கக் கூடாது என்று.

அப்புறம் ஊர் வந்தது பரிதாபப்பட. ரேஸ்கா இரண்டு கைத்தடிகளோடு வந்தாள், ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தில் புதன்கிழமை தோறும் தடியூன்றி நடக்கிறார்களாம், நடந்து முடித்ததும் கேக் உண்டாம். "எனக்கும் மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சுடி, அப்புறம் கேக்குக்காகவே போக ஆரம்பிச்சிட்டேன்" என்றாள். பனிச்சறுக்கு கிளப் தலைவர் லோய்ஸே வந்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்தார். ஊர்ப் போட்டிக்கு வழக்கம்போல என்னைத் தடம் திறக்கச் சொல்லலாம் என்று இருந்தாராம், இப்போது வேறு ஏற்பாடாம். "கீழ முடிவுக்கோட்டுல நல்ல நாற்காலியாப் போட்டுத் தர்றோம், கம்பளி தர்றோம், நீ உக்காந்து வர்றவங்களுக்குச் சூடா டீ ஊத்திக் குடு, அதுவும் பெரிய பொறுப்புதான யெரிட்சா" என்றார். எத்தனையோ வருடம் எல்லாருக்கும் முன்னால் இறங்கித் தடத்தைத் திறந்தவளுக்கு டீ ஊற்றுகிற பொறுப்பு. நான் சரி என்று சொன்னேன், அதுதான் கொடுமை. அந்த வாரம் அப்பா என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். படுக்கைக்கே காபி வந்தது, கேட்காமலே அப்பம் சுட்டார், பாத்திரம் கழுவினார். முப்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவள் அப்போதே மோப்பம் பிடித்திருக்க வேண்டும்.

பலகைகளைச் சுவரில் மாட்டி வைத்துவிடலாம் என்றுதான் நிலவறைக்குப் போனேன். இனி தொடப்போவதில்லை, துருப்பிடிக்காமலாவது இருக்கட்டும் என்று ஒரு துணியை எடுத்துப் பூட்டைத் துடைத்தேன். பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கிற அந்தப் பூட்டில் எண் தெரிகிற சின்ன ஜன்னல் இருக்கிறதே, அதில் அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். அழுக்கு இல்லை, பூட்டு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்று காட்டுகிற எண். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். என் எடைக்கும் என் ஆட்டத்துக்கும் ஆறு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. வலது பலகையிலும் மூன்று. கத்துக்குட்டிக்கு வைக்கிற எண். கோழி தாண்டுகிற மேட்டில் பூட்டு ஏன் வாயைத் திறந்தது என்று அப்போதுதான் விளங்கியது. கால் என்னைக் கைவிடவில்லை, பூட்டுதான் கைவிட்டிருக்கிறது. இரண்டு பலகைகளையும் தோளில் போட்டுக்கொண்டு படியேறினேன், ஆபரேஷனுக்குப் பிறகு அவ்வளவு வேகமாக நான் படி ஏறியதே இல்லை.

அப்பா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் பலகைகளைப் போட்டதும் அவருடைய காது சிவந்துவிட்டது, அவருக்குப் பொய் சொல்ல வராது, அந்தக் காது விடாது. "விங்கோ, இது என்ன?" என்றேன். "பழைய திருகு, தானா தளர்ந்திருக்கும்" என்றார். "ரெண்டு பலகையிலயும் பேசி வெச்சுக்கிட்டு மூணுல வந்து நின்னுச்சா?" என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். "உன் முட்டி திருகிக்கக் கூடாதுன்னுதான் யெரிட்சா, பலகை சீக்கிரம் கழண்டுட்டா முட்டிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு..." என்று இழுத்தார். "என் காலக் காப்பாத்த என்னையே குப்புறத் தள்ளினியா, ஊரே பாக்க, ரெண்டு தடவ! எண்ணக் கூட்டினா ஆளுக்கு ஆபத்து, கண்டபடி குறைச்சாலும் ஆபத்துன்னு இந்த ஊர்ல ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியுமே" என்று நான் போட்ட சத்தத்தில் ரேஸ்கா அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தாள். அதற்குப் பிறகுதான் அவர் மெல்லச் சொன்னார், "நேஷாதான் போன்ல கெஞ்சினா, அப்பா எதாவது பண்ணுங்கப்பான்னு அழுதா, எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல" என்று. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு பாதி உரித்தபடியே கிடந்தது, ரொட்டியும் புளித்த முட்டைக்கோஸும் தின்றோம்.

உன் மேல் வந்த கோபம் அவர் மேல் வந்ததைவிடப் பெரிது. இதுவரை நாம் இருவரும் பேசாத ஒன்றை எழுதுகிறேன், உட்கார்ந்து வாசி. அன்றைக்கு நடந்தது விபத்து, உன் தப்பு இல்லை என்று அப்பா சொன்னார், லோய்ஸே சொன்னார், பாதிரியார்கூட வீடு தேடி வந்து சொன்னார். நான் சொல்லவில்லை, நீ கவனித்திருப்பாய். ஏனென்றால் அது உன் தப்புதான். மேலிருந்து வருகிறவர்தான் கீழே இருப்பவரைப் பார்த்து வர வேண்டும், நம் ஊரில் குழந்தைகளுக்கு வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறோம். நான் கீழே இருந்தேன், நீ மேலே இருந்தாய், வேகமாக வந்தாய், பார்க்காமல் வந்தாய், மோதினாய். தப்பு செய்தாய், அதை நான் அடிபட்டவர்களைப் பனியில் வழுக்கி இறக்குகிற மீட்பு வண்டியில் கட்டிப்போட்டுக் கிடந்தபோதே, வெளுத்துப்போன உன் முகத்தைப் பார்த்த நிமிடமே மன்னித்துவிட்டேன். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, உனக்கே தெரியும் என்று நினைத்தேன். ஆனால் எல்லாரும் தப்பே இல்லை, தப்பே இல்லை என்று சொல்லிச் சொல்லி மன்னிப்பு உன் கையில் வந்து சேராமலே செய்துவிட்டார்கள், செய்யாத தப்புக்கு யாரால் மன்னிப்பு வாங்க முடியும். நீ பனியே விழாத ஊராகத் தேடிப்பிடித்துப் போய்விட்டாய். போ, அது உன் வாழ்க்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் உன் மனம் ஆறுவதற்காக என்னை நாற்காலியில் உட்காரவைக்க உனக்கு உரிமை கிடையாது. நீ எனக்காகப் பயப்படுவதாகச் சொல்கிறாய். எனக்காக இல்லை நேஷா, நான் மறுபடி விழுந்தால் அதுவும் உன் கணக்கில் சேர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறாய். இனி நான் விழுந்தால் அது நான் விழுந்தது. என் முழங்கால், என் மலை, என் தலைவிதி. இவ்வளவு கடுமையாக எழுதியதற்கு வருத்தம் இல்லை, இன்னும் கடுமையாக எழுதிய ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் பலகைகளையும் பூட்ஸையும் எடுத்துக்கொண்டு கீழே டவுனில் கடைக்குப் போனேன். இயந்திரத்தில் வைத்து முறையாகச் சோதித்து, என் வயதையும் எடையையும் கேட்டுப் பூட்டைச் சரிசெய்து கொடுத்தார்கள், ஆறு வேண்டாம், ஐந்தரை போதும் என்றார்கள், சரி என்றேன், நான் பைத்தியக்காரி இல்லை. அங்கிருந்து நேராக லோய்ஸே வீடு. அவர் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். "நாற்காலிய வேற யாருக்காவது போடு, தடம் நான்தான் திறப்பேன்" என்றேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "விழுந்துட்டா?" என்றார். "எதுக்கு லோய்ஸே திறக்கிறவங்கள மொதல்ல விடுறோம்? தடம் ஆளுக்குத் தாங்குமான்னு பாக்கத்தானே. திறக்கிறவங்க விழுந்தா ஆளக் குறை சொல்ல மாட்டோம், சுத்தித் திரும்புற கம்பத்தப் பிடுங்கி வேற இடத்துல நடுவோம், இதுதான நம்ம ஊர் வழக்கம். விழுறதுக்குன்னே ஒரு ஆள் வேணும்னா என்னைவிட அனுபவம் யாருக்கு இருக்கு?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உன் புருஷன் என்னைக் கொன்னுருவான்" என்றார். "அவன் இப்ப யாரையும் கொல்ற நிலைமையில இல்ல" என்றேன்.

இங்கே உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், பிளாஷுக்குக்கூடச் சொல்லவில்லை. போட்டிக்கு முந்தைய நாட்களில் தினமும் போனேன், பூட்டு பிடித்தது, கால் கேட்டது, ஒரு தடவைகூட விழவில்லை. ஆனால் பின்னாலிருந்து யாராவது வருகிற சத்தம், பலகை ஓரம் பனியைச் சுரண்டுகிற அந்தச் சரசர சத்தம் காதில் விழுந்தால் என் உடம்பு கட்டைபோல் ஆகிவிடும். ஓரமாக ஒதுங்கி நின்று, வருகிறவரைப் போகவிட்டு, நெஞ்சு அடங்கிய பிறகுதான் மறுபடி இறங்குவேன். வலி இல்லை, பயம். சுத்தமான பயம். தடம் திறக்கிறவள் தனியாக இறங்குவாள், அவள் போய்ச் சேரும்வரை மேலே புறப்படுகிற வாசலை அடைத்து வைத்திருப்பார்கள், பின்னால் யாரும் வர முடியாது. நான் அந்த வேலைக்கு அவ்வளவு சண்டை போட்டதில் வீரம் பாதிதான், மீதி இதுதான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் ஊரே சரிவில் கூடிவிட்டது. கண்ணைக் கூசவைக்கிற வெயில், கீழே பாண்டு வாத்தியம், பொரித்த உருண்டையும் சாஸேஜும் மணக்கிற புகை. அப்பா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை, ஆனால் நடுச் சரிவில், செங்குத்து ஆரம்பிக்கிற இடத்தில், மீட்பு வண்டியை நான்தான் பிடிப்பேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டு போய் நின்றுவிட்டார், தோளில் இரண்டு கம்பளி வேறு. எண் இல்லாத வெள்ளை மேலங்கியை லோய்ஸே எனக்கு மாட்டிவிட்டார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, இறங்கி வந்திரலாம்" என்றார். "இறங்கத்தானே போறேன்" என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். முதல் கம்பம், இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் சரியாக வந்தது, வேகம் இல்லை, அழகு உண்டு என்று ரேஸ்கா சொன்னாள். செங்குத்துக்கு வந்தபோது அப்பா அந்தச் சிவப்பு வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளிறி, ஜெபம் முணுமுணுத்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சவப்பெட்டிக்காரன் மாதிரி நிக்காத விங்கோ, கையத் தட்டு!" என்று கத்திக்கொண்டே கடந்தேன். அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக நான் சொன்னதை உடனே செய்தார். இரண்டு கையாலும் தட்டினார். வண்டியைப் பிடிக்க ஆள் இல்லை.

சரசரவென்று பின்னால் சத்தம் கேட்டது. பின்னால் யாரும் வர முடியாத தடத்தில், எனக்கு நேர் பின்னால், பனியைச் சுரண்டிக்கொண்டு என்னவோ வருகிறது. மேலே அப்பா "யெரிட்சா! யெரிட்சா!" என்று அலறுகிறார், ஊர் அலறுகிறது. என் முதுகு முழுக்கச் சில்லிட்டுவிட்டது, கால் நிற்கச் சொல்கிறது, உட்காரச் சொல்கிறது. நின்றால்தான் அடி, ஒதுங்க நேரம் இல்லை. அப்போது எனக்கு வந்தது தைரியம் என்று சொல்ல மாட்டேன், கோபம். இரண்டு வருடமாக என்னை எல்லாரும் உட்காரச் சொல்கிறார்கள், இப்போது என் காலும் சொல்கிறதா என்ற கோபம். திரும்பிப் பார்க்கவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றை, நீ கேட்டிருக்கவே முடியாத வார்த்தை, உரக்கச் சொல்லிக்கொண்டே இடது காலில் முழு எடையையும் போட்டு அடுத்த கம்பத்தைச் சுற்றித் திரும்பினேன். ஆபரேஷன் செய்த அதே காலில். தாங்கியது நேஷா. வண்டி திரும்பத் தெரியாமல் நேராகப் போய் ஓரத்து வலையில் விழுந்தது, கம்பளிகள் பறந்தன. நான் கடைசிக் கம்பம்வரை போய் முடிவுக்கோட்டைத் தாண்டி நின்றேன். முழங்கால் நடுங்கியது, இரண்டுமே. மேலிருந்து லோய்ஸே வாக்கிடாக்கியில் மூச்சு வாங்க, "தடம் சரியா இருக்கா?" என்று கேட்டார். "கம்பம் எல்லாம் சரியாத்தான் இருக்கு, என் புருஷன மட்டும் பிடுங்கி வேற இடத்துல நடு" என்றேன். அது ஒலிபெருக்கியிலும் கேட்டுவிட்டது.

அப்பா பாதிச் சரிவை உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கி வந்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார், "இனிமே உன் பலகையத் தொட மாட்டேன்" என்றார். மெழுகு மட்டும் அவர்தான் தேய்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன், அதை நான் செய்தால் பலகை பனியில் ஒட்டிக்கொள்ளும். முடிவுக்கோட்டில் போட்டிருந்த அந்த நாற்காலியில் அவரையே உட்காரவைத்து, கிளப்பில் காய்ச்சிய ரம் போட்ட டீயை நான் ஊற்றிக் கொடுத்தேன். இன்றைக்குக் கால் லேசாக வீங்கியிருக்கிறது, ஐஸ் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், மறைக்கவில்லை. பிளாஷ் பார்த்துவிட்டு, "இது வயசு வீக்கம் இல்ல, திமிரு வீக்கம், ரெண்டு நாள்ல வடிஞ்சிரும்" என்றான்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உனக்கு என் ஆசீர்வாதம் என்றும் உண்டு, மாதா உன்னைக் கண்போலக் காப்பாள், நன்றாகச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, கோயிலுக்குப் போகாவிட்டாலும் மெழுகுவர்த்தியாவது ஏற்று. இங்கே வர டிக்கெட் எடுத்ததும் அப்பாவிடம் சொல்லாதே, என்னிடம் சொல், அவர் சந்தோஷத்தில் மறுபடி எதையாவது கையிலிருந்து நழுவவிட்டுவிடுவார். அடுத்த ஜனவரிக்கு வா. மாட்டேன் என்று சொல்லாதே, நான் கெஞ்சவில்லை, கூப்பிடுகிறேன். வண்டி பின்னால் வந்தால் தாங்குவேன் என்று தெரிந்துவிட்டது, வண்டிக்குக் கண் இல்லை, அதை மன்னிக்கவும் வேண்டியதில்லை. எனக்கு இன்னும் ஒரே ஒரு சத்தம்தான் பாக்கி இருக்கிறது. நாம் இருவரும் மேலே போவோம், நான் முன்னால் இறங்குவேன். நீ என் பின்னால் வர வேண்டும், மெதுவாக இல்லை, நீ எப்போதும் வருகிற வேகத்தில். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

காத்திருக்கும் உன் அம்மா,
யெரிட்சா